தறிக்குழிக் கொசு

உங்களில் யாரும் என்னைப் போல ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் இல்லை. பூச்சிகளைப் பற்றியே படித்து, பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரணிப் பக்கத்து நெசவு வீடுகளில் கொசு பகலில் எங்கே போய் ஒளிகிறது என்று எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. தேவிகாபுரத்தில் அடுத்தவர் மாட்டை மேய்த்துக்கொண்டிருந்து, சாக்கடையில் ஊற்றும் கொசு எண்ணெய் டின்னைத் தலையில் தூக்கும் கூலியாக வந்து சேர்ந்த நான்தான் கண்டுபிடித்தேன். பெருமைக்குச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். சும்மா வந்த பெருமை இல்லை அது.

டின் தூக்கியவன் இரண்டு வருஷத்தில் பூச்சி பிடிக்கிற ஆளானேன். காலை ஆறு மணிக்கு வீடு வீடாகப் போக வேண்டும். கையில் டார்ச், வாயில் ரப்பர் குழாய் மாட்டிய கண்ணாடிக் குழல். சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவை உறிஞ்சிப் பிடித்து, சோதனைக் குழாயில் விட்டுப் பஞ்சால் அடைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே அதை அறுத்து, உள்ளே யானைக்கால் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அறுக்கிறவர் டீ குடிக்கப் போகும் நேரத்தில் அவருடைய ஊசியை எடுத்து நானே அறுக்கக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை.

அந்தப் புழுவின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மனிதன் ரத்தத்தில் இருக்கிற குட்டிப் புழுவைக் கொசு குடிக்கிறது. அது கொசுவின் உடம்புக்குள் பத்துப் பன்னிரண்டு நாள் வளர்ந்து, தோல் உரித்து, பெரிதாகி, அடுத்த மனிதனின் தோலில் இறங்குகிறது. புழுவுக்கு மனிதன் வீடு என்றால் கொசு பள்ளிக்கூடம். அங்கே தேறாத புழு எதுவும் மனிதனுக்குள் வந்து குடும்பம் நடத்த முடியாது. ஒரு கணக்கில் பார்த்தால் அந்தப் புழுவும் என்னைவிட அதிகம் படித்ததுதான்.

எழுபதுகளின் கடைசியில் ஆரணிக்குப் பக்கத்து முள்ளிப்பட்டு எங்களுக்கு ஒரு புதிராக இருந்தது. வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. தெருவுக்கு நான்கு பேருக்காவது கால் வீக்கம். ஆனால் எங்கள் குழாய்களில் கொசு விழவே இல்லை. சுவரில் தேடினோம், கொடியில் தொங்கும் துணியை உதறினோம், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தோம். இரண்டு, மூன்று, சில நாள் ஒன்றுமே இல்லை. நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதி மேலே அனுப்பினார்கள். மேலே இருந்தவர்களுக்கு அந்த வரி பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. கால் வீங்கிய ஊரில் கொசு கிடைக்காவிட்டால் தேடுகிறவனுக்குக் கண் இல்லை என்று அர்த்தம். அந்தக் கண் இல்லாதவர்களில் நானும் ஒருவன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மார்கழிக் காலையில் ஏகாம்பரம் என்ற நெசவாளியின் வீட்டில் சுவர் சுவராகத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி தனபாக்கியம் அம்மாள் அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவுத்த இன்னாத்துக்கு அண்ணே தடவிக்கினு கீற? செவுரா ரத்தம் குடுக்குது?"

"கொசு தேடறேம்மா."

"கொசு எங்க கீதுன்னு அவரு கால கேளு. செவுத்துக்கு வாய் ஏது?"

தறியில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து வேட்டியைத் தூக்கிக் காட்டினார். முட்டிக்குக் கீழே கால் இரண்டும் கொசுக்கடியால் சல்லடை. முட்டிக்கு மேலே ஒரு தடிப்புகூட இல்லை. வலது கணுக்கால் லேசாக உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன், பள்ளம் விழுந்து மெதுவாக எழும்பியது. அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"போர்த்திகினு தூங்கறதில்லையா?"

"போர்த்திகினுதான் தூங்கறேன். கடியெல்லாம் தறியில குந்தினாதான். கருக்கல்ல குந்தறேன் பாரு, அப்பதான் பேஜாரு பண்ணும்."

"ஒரு அடி அடிக்கறதுதானே?"

"எந்தக் கையால அடிக்கட்டும்? ஒரு கை கயித்துல, ஒரு கை பலகையில. காலு ரெண்டும் மிதி மேல. நடுவுல குனிஞ்சி காலச் சொரிஞ்சா இழை அறுந்துபோவும். கொசுவுக்கு அது தெரிஞ்சிகினுதான் வருது."

அந்த ஒரு பேச்சில் எனக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. தறியில் உட்கார்ந்திருக்கிறவரின் கால் தரைக்குக் கீழே, குழிக்குள் தொங்குகிறது. இருட்டு. இழை காய்ந்து அறுந்துபோகாமல் இருக்க அவ்வப்போது தண்ணீர் தெளிப்பதால் ஈரம். சரிகை கறுத்துப்போகும் என்று அந்த வீட்டில் சாம்பிராணிகூடப் போட மாட்டார்கள், அதனால் புகையும் இல்லை. அடிக்காத கால் இரண்டு, அதுவும் விடியலுக்கு முன்னால், இரவில் மட்டுமே வெளிவரும் புழு இன்னும் ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும் நேரத்தில். கொசுவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? குடித்துவிட்டு அதே குழிச்சுவரில் உட்கார்ந்து ஜீரணம் செய்யலாம், புழுவையும் வளர்க்கலாம், மறுபடி அதே காலையோ அவர் மனைவி காலையோ கடிக்கலாம்.

"குழியப் பாக்கணும்" என்றேன்.

தனபாக்கியம் அம்மாள் கரண்டியோடு வந்து தறிக்குக் குறுக்கே நின்றார். "பாவு ஏறிகீது. வேத்தாள் குழியில கால் வைக்கக் கூடாது."

முள்ளிப்பட்டில் அது எழுதாத சட்டம். நீளவாட்டில் கட்டியிருக்கும் பட்டு இழைதான் பாவு. அது தறியில் இருக்கும்வரை வீட்டு ஆள் தவிர யாரும் குழியில் இறங்கக் கூடாது. எங்கள் ஆட்கள் இத்தனை வருஷமாக அந்தச் சட்டத்தை மதித்து, குழியை விட்டுவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"கால் வைக்கலம்மா. தலைய வச்சிக்கறேன்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வழி விடவில்லை. "பாத்துட்டு அப்பால மருந்து கிருந்து அடிப்பியா?"

"அடிக்க மாட்டேன்."

"உன் ஆளுங்க?"

"பாவு மேல ஒருத்தனும் ஒரு சொட்டு மருந்து அடிக்க மாட்டான். நான் சொல்றேன்."

தம்பிகளே, தங்கைகளே, இங்கேதான் நான் தவறு செய்தேன். என் கையில் இல்லாததை வாக்காகக் கொடுத்தேன். எங்களிடம் இருந்த மருந்து மண்ணெண்ணெயில் கலந்து அடிக்கிறது. தறியில் இருந்ததோ தை முகூர்த்தத்துக்கு நெய்யும் அரக்கு நிறக் கல்யாணப் பட்டு. அந்த நூல் ஏகாம்பரத்துடையது இல்லை, கூலிக்கு நெய்யக் கொடுத்த முதலாளியுடையது. எண்ணெய் பட்ட பட்டை எந்தச் சோப்பும் காப்பாற்றாது. ஒரு சொட்டு விழுந்தால் முதலாளி அந்தச் சேலையைத் தள்ளிவிடுவார், அடுத்த பாவு இந்த வீட்டுக்கு வராது. பாவு இல்லாத தறி வெறும் மரம். அந்த வீட்டில் வேறு வருமானம் கிடையாது.

குப்புறப் படுத்துத் தலையைக் குழிக்குள் விட்டு டார்ச் அடித்தேன். குழிச்சுவர் சாம்பல் பூசியது போல இருந்தது. வெளிச்சம் பட்டதும் அந்தச் சாம்பல் அசைந்தது. என்னிடம் இருந்த குழாய்கள் பற்றவில்லை. தனபாக்கியம் அம்மாள் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவிக் கொடுத்தார்.

ஆய்வுக்கூடத்தில் அறுத்துப் பார்த்தோம். முதல் சில கொசுவில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒன்றில் நூல் துண்டு போல ஒன்று நெளிந்தது. அப்புறம் இன்னொன்றில்.

எங்கள் அதிகாரி வயதில் என்னைவிட இளையவர், நன்றாகப் படித்தவர், தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. எடுத்ததும் கேட்டார், "இத்தனை நாளா இதை எப்படிய்யா விட்டோம்?"

நாம் விட்டோம் என்று சொன்னார் பாருங்கள், அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. ஆனால் அடுத்த பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. "புதன்கிழமை நாலு பம்போட போறோம். தெரு வரிசையா எல்லாக் குழியிலயும் அடிக்கிறோம்."

"பாவு ஏறின தறியில அடிக்க மாட்டோம்னு வாக்குக் குடுத்துட்டேன் சார்."

"வாக்குக் குடுக்க நீ யாருய்யா?"

நியாயமான கேள்வி. ஆனாலும் புதன்கிழமை அவர்களுக்கு முன்னால் என் சைக்கிள் முள்ளிப்பட்டு போய்ச் சேர்ந்துவிட்டது.

ஜீப் ஏகாம்பரம் வீட்டு வாசலில் நின்றது. அதிகாரியும் பம்பு தூக்கியவர்களும் இறங்கினார்கள். தெருவே கூடிவிட்டது. தனபாக்கியம் அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏகாம்பரம் தறியை விட்டு எழுந்து, பட்டின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டிருந்தார். இண்டு இடுக்கெல்லாம் நுழைகிற மண்ணெண்ணெய்ச் சாரலுக்கு அந்தப் போர்வை எம்மாத்திரம்?

பம்புக்காரர் உள்ளே கால் வைத்தார். அவருக்கு முன்னால் நான் ஓடிப்போய் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். வேற்றாள் இறங்கக் கூடாத குழியில், செருப்பைக் கழற்றிவிட்டு, முழுசாக.

"அடிங்க. மொதல்ல எம்மேல அடிங்க."

"ஐயோ, எழுந்திருய்யா!" தனபாக்கியம் அம்மாளுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "நீ குந்தினாலே பாவு அறுந்துபோவுமே!"

அறுந்துதான் போயிருந்தது. இறங்கும்போது என் முட்டி இடித்து மூன்று இழை. பட்டைக் காப்பாற்ற வந்தவன் செய்த முதல் வேலை அது. பம்புக்காரர் சிரித்துவிட்டார். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெளிய வா. இது அரசாங்க வேலை."

"அரசாங்க வேலைதான் சார் பண்ணிகினு இருக்கேன்."

"இவரு கணுக்காலைப் பாத்தியா இல்லையா? இன்னும் அஞ்சாறு வருஷத்துல இந்தக் கால் இந்தக் குழிக்குள்ள நுழையாது. அப்ப இந்தச் சேலையை வச்சிகிட்டு என்ன பண்ணுவாங்க?"

இதுவும் நியாயம். அவர் காலைப் பற்றிப் பேசுகிறார், நான் பட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றியிருக்கும். குழியில் என் கால் இரண்டையும் கொசு பிடுங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"சார், இன்னிக்கு அடிச்சிடலாம். நாலு பம்பு இருக்கு, யாரும் தடுக்க முடியாது. ஒரு பொடவை கெட்டுதுன்னா சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா தெரியும். நாளைலேருந்து ஒரு தறி வீட்டுலயும் நம்மள உள்ள உடமாட்டாங்க. பூட்டிகினு போயிடுவாங்க. கொசு குழியில கீதுன்னு தெரிஞ்சும் நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது. மருந்து ஒரு நாள் அடிச்சாப் போதுமா? மறுபடி மறுபடி வரணுமில்ல?"

"அப்ப என்ன பண்ணச் சொல்ற? பாவு இல்லாத தறி எங்க இருக்கு இந்த ஊர்ல?"

அதற்குப் பதில் சொன்னவர் ஏகாம்பரம். பல கூட்டங்களில் இதை என் யோசனை என்றே சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இன்று உள்ளதைச் சொல்கிறேன், பாதி அவருடையது.

"சார், பாவு முடிஞ்சி பொடவைய அறுத்துட்டா, புதுப் பாவு பிணைக்கற வரைக்கும் ஒரு நாளு, ஒன்றரை நாளு தறி காலியா கெடக்கும். இழை கோத்திருக்கற அச்சையும் விழுதையும் கயட்டி வச்சிடுவோம். அன்னிக்கு வந்து இன்னா வேணா அடிச்சிக்கோங்க. எனக்கு அடுத்த வியாழக்கெழம முடியுது."

"உங்களுக்கு வியாழன், பக்கத்து வீட்டுக்கு?"

"அவங்களுக்குப் பொங்கலுக்கு மொத நாளு."

அதிகாரி தலையில் கை வைத்தார். "தெரு வரிசைதான்யா திட்டம். தறி வரிசைன்னு ஒரு திட்டம் எங்கயும் கிடையாது. யாரு வீட்டுல எப்பப் பாவு முடியுதுன்னு யாரு அலைவா?"

"நான் அலையறேன்" என்றேன், குழிக்குள் இருந்தபடியே.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "எழுதிக் குடு. இந்த வீட்டுல இந்தப் பாவு போய் அதுக்கு அடுத்த பாவு முடியற அன்னிக்கு நானே வருவேன். குழியில கொசு இருந்துதுன்னா உனக்கு வேலை இல்லை. அப்புறம் தெரு வரிசைதான், யார் வாக்கும் செல்லாது."

எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து, மூன்று பிழை. கையெழுத்து மட்டும் பெரிதாகப் போட்டேன்.

அடுத்த நாள் காலை எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. யார் வீட்டில் எப்போது தறி காலியாகும் என்று நான் அலைந்து கேட்க வேண்டியதே இல்லை. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தார், துரைசாமி. பாவு முடிகிற வீட்டுக்காரர்கள் முதலில் சொல்லி அனுப்புவது அவருக்குத்தான். அவர் போகிற வீட்டுக்கு அவருக்கு முன்னால் நான் போய்விட்டால் போதும். தறி காலியாகத்தான் இருக்கும்.

"இன்னாயா இது, நான் எங்க போனாலும் எனக்கு முன்னாடி மண்ணெண்ணெய் நாத்தம் வருது" என்று அவர் கேலி செய்வார். ஆனால் எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று ஒரு நாளும் எனக்குச் சொல்லாமல் விட்டதில்லை.

காலியான குழியில் மருந்து அடித்து, ஈர மண்ணை அள்ளிவிட்டு, சுவரில் சுண்ணாம்பு பூசினேன். அதோடு நிற்கவில்லை. இத்தனை கொசு எங்கிருந்து வருகிறது என்று ஊருக்குப் பின்னால் தேடினேன். பட்டு நூலைச் சோப்பில் வேகவைத்த தண்ணீரைக் கொட்டுகிற பள்ளம் இருந்தது. சோப்புத் தண்ணீரில் கொசுப்புழு பிழைக்காது என்று அதை நாங்கள் எல்லோரும் கடந்து போயிருக்கிறோம். புதுத் தண்ணீரில் பிழைக்காது, சரி. நாள்பட்டு நாற்றமடித்த தண்ணீரில் கையை விட்டால் கையில் புழு ஒட்டியது. நான் பழைய தொழிலுக்கே திரும்பினேன். வாரம் தவறாமல் டின்னைத் தூக்கிக்கொண்டுபோய் எண்ணெய் ஊற்றினேன்.

யானைக்கால் புழுவைக் கொல்ல நாங்கள் வீடு வீடாகக் கொடுத்த மாத்திரைக்கும் பாவுதான் தடையாக இருந்தது. ரத்தத்தில் புழு இருக்கிறவர் மாத்திரை தின்றால் முதல் ஓரிரு நாள் ஜுரம் அடிக்கும். பாவு ஏறிய வீட்டில் யார் ஜுரத்தை விலைக்கு வாங்குவார்கள்? எங்கள் முன்னால் வாயில் போட்டுக்கொண்டு பின்னால் துப்பிவிடுவார்கள். ஏகாம்பரமும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். அந்த வியாழக்கிழமை, அரக்குச் சேலையை அறுத்து மடித்து வைத்த கையோடு தனபாக்கியம் அம்மாள் அவர் முன்னால் தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்தார்.

"முழுங்கு. தறி காலி. இன்னிக்கு நல்லா ஜுரம் வரட்டும்."

வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் நடுங்கினார். மறுநாள் துரைசாமி வந்து பாவு பிணைத்து முடிப்பதற்குள் எழுந்து கஞ்சி கேட்டார். மிச்ச மாத்திரைகளை அந்த அம்மாளே எண்ணி எண்ணிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு தறி காலியாகிற அன்றைக்குத்தான் ஒவ்வொரு வீட்டிலும் மாத்திரையைத் தொடங்கினேன். ஒருவரும் துப்பவில்லை.

அடுத்த பாவு மாசி பிறந்து முடிந்தது. அதிகாரி சொன்னபடியே வந்தார். நான் வேறொருவரைவிட்டுக் குழியில் தேடச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் திமிர் வந்துவிட்டது. வேலை போனாலும் முழுசாகப் போகட்டும் என்று நினைத்தேன்.

"டார்ச்செல்லாம் எதுக்கு சார்? நீங்களே எறங்கிக் குந்திப் பாருங்க. கையைத் தறி மேல வச்சிக்கோங்க. கால அசைக்காதீங்க."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஷூவைக் கழற்றினார், பேண்ட்டை முட்டிவரை மடித்தார், இறங்கி உட்கார்ந்தார். பொழுது அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் உட்காருகிற அதே நேரம். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கால் மணி போனது. அரை மணி போனது. ஒருமுறை அவர் புருவம் சுருங்கியது. தும்மினார், அவ்வளவுதான்.

டார்ச்சை வாங்கித் தானே குனிந்து குழிச்சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. பிறகு குழிக்குள் உட்கார்ந்தபடியே பையிலிருந்து திட்டக் காகிதத்தை எடுத்து, 'தெரு வரிசை' என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு 'தறி வரிசை' என்று எழுதினார். எனக்கு வேண்டியது அந்தக் காகிதத்தில் இருந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊருக்கு எத்தனை தறி, எத்தனை நாளுக்கு ஒரு சுற்று என்று அங்கேயே உட்கார்ந்து என்னிடம் கேட்க ஆரம்பித்தார். நானும் விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். வாசலில் துரைசாமி புதுப் பாவோடு வந்து நின்றார், மயில் கழுத்து நிறம். முதலாளி மறு பேச்சில்லாமல் கொடுத்து அனுப்பியிருந்தார்.

தனபாக்கியம் அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், பாவைப் பார்த்தார்.

"சார், பேச்செல்லாம் வெளிய வச்சிக்கோங்க. ஜல்தி எழுந்திரிங்க. தறிக்கு வேலை கீது."

அதிகாரி எழுந்துவிட்டார்.